தேர்தல் முடிந்தபின் தொடங்கும் பணி
ரெக்ஸ்டேல் தமிழர் முன் உள்ள கடமை

தேர்தல் வந்துவிட்டால் எமது இளையோரின் உழைப்புக்கு ஈடில்லை. குளிரென்றும் மழையென்றும் பாராது வீடு வீடாகச் சென்று கதவு தட்டுகின்றார்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்கின்றார்கள். மூத்தோரை வாகனத்தில் ஏற்றி வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்கின்றார்கள். தாய்மார் தேர்தல் அலுவலகத்துக்குச் சோறும் கறியும் சமைத்து அனுப்புகின்றார்கள். ஆனால் முடிவுகள் வெளியானதும் அந்த அலுவலகம் பூட்டப்படுகின்றது. வென்றவர் மன்றத்துக்குச் செல்கின்றார். தோற்றவர் தம் தொழிலுக்குத் திரும்புகின்றார். தொண்டர்கள் எங்கே செல்கின்றார்கள்? இக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. புலம்பெயர் தமிழர் அரசியலின் பெருங்குறை இதுவே என்பது எமது கருத்து.

கனடாவில் நாம் அடைந்த அரசியல் வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2006 இல் லோகன் கணபதி அவர்கள் மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானார். 2009 இல் வன்னியில் எம்மவர் அழிக்கப்பட்டபோது ரொறன்ரோ வீதிகளில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அவ்வாண்டு மே 10 அன்று கார்டினர் பெருந்தெருவில் ஏறி நின்றோரில் இளையோர் பலர். அந்தக் கொந்தளிப்பின் பின்னர், 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் அவர்கள் முதலாவது தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2015 இல் அவர் தோல்வியுற்றபோதும், கரி ஆனந்தசங்கரி அவர்கள் அதே தேர்தலில் நாடாளுமன்றம் சென்றார்.

இந்தத் தேர்தல் வெற்றிகள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நிகழ்ந்தவை. அங்கே எமக்குத் தொகை உண்டு. நகரின் வடமேற்கு மூலையில் உள்ள ரெக்ஸ்டேலின் நிலை வேறு. அல்பியன் வீதியிலும் கிப்ளிங் சாலையிலும் உள்ள அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பங்கள் சிதறியே வாழ்கின்றன. அயலவர்கள் சோமாலியர், பஞ்சாபியர், கரீபியர் எனப் பல இனத்தவர். தமிழர் வாக்கை மட்டும் நம்பி இங்கே எவரும் வெல்ல முடியாது. ஆகவே எமது ரெக்ஸ்டேல் இளையோர் தேர்தற் காலத்தில் கிழக்கே ஸ்காபரோவுக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றார்கள். தம் சொந்த வட்டார மாநகரசபை உறுப்பினரின் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

நிலைத்து நிற்கும் அரசியல் எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. ரெக்ஸ்டேலிலேயே இரு பாடங்கள் உள.

முதற் பாடம் போர்ட் குடும்பம். 2000 இல் எற்றோபிக்கோ வடக்கிலிருந்து மாநகரசபைக்குச் சென்ற ரொப் போர்ட், தொலைபேசியில் அழைத்த மக்களைத் தாமே திருப்பி அழைப்பவர் என்று பெயரெடுத்தார். மாநகரசபைக் குடியிருப்புகளில் பழுதான குழாயைப் பார்க்கவும் அவரே நேரில் சென்றார். பத்தாண்டுகளின் பின் நகரபிதாவானார். அவரது தமையன் டக் போர்ட் 2018 முதல் இத்தொகுதியின் மாகாணசபை உறுப்பினராகவும் ஒன்ராறியோவின் முதல்வராகவும் ஆனார். 2025 பெப்ரவரித் தேர்தலிலும் இங்கிருந்தே தெரிவானார். அவர்களது கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் தேர்தல் இல்லாத காலத்தில் மக்களின் அழைப்புக்குப் பதிலளித்தவருக்கே தேர்தற் காலத்தில் மக்கள் பதிலளித்தார்கள் என்பதை மறுக்க இயலாது. அதேவேளை அந்தப் பிணைப்பு ஒரு குடும்பத்தின் பெயரில் தங்கியுள்ளது. அது ஆதரவாளர் கூட்டம். மக்கள் இயக்கம் அன்று.

இரண்டாவது பாடம் வூட்பைன் குதிரைப் பந்தயத் திடல். 2007 இல் அங்கே ஒரு பெரும் கேளிக்கை, வணிகத் திட்டத்துக்கு மாநகரசபை இசைவு வழங்கியது. அதனால் வரும் வேலைகள் ரெக்ஸ்டேல் மக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று குடியிருப்பாளரும் சமூக அமைப்புகளும் குரல் கொடுத்தனர். அத்திட்டம் கட்டப்படவேயில்லை. ஆனால் கோரிக்கை சாகவில்லை. சூதாட்ட நிலைய விரிவாக்கம் 2018 இல் மாநகரசபை முன் வந்தபோது, சமூகப் பயன் உடன்படிக்கை ஒன்று நிபந்தனையாக்கப்பட்டது. வேலைக்கு அமர்த்தப்படுவோரில் குறைந்தது 40 சதவீதத்தினர் அப்பகுதி மக்களாகவோ வேலை பெறுவதில் தடைகளை எதிர்கொள்வோராகவோ இருத்தல் வேண்டும் என்பது அதில் ஒன்று. வேட்பாளர்கள் மாறினர், திட்டமும் மாறியது, கோரிக்கையைத் தாங்கியோர் மாறவில்லை. இதுவே இயக்கம்.

இது எமக்குப் புதிதன்று. ஊரில் சனசமூக நிலையத்தை நடத்தியவர்கள் நாம். ஒரு வாசிகசாலை, ஒரு வானொலி, இரண்டு வாங்கு. இவற்றைக் கொண்டு ஊருக்கு வீதியும் கிணறும் பாலர் பாடசாலையும் கேட்டுப் பெற்ற தலைமுறை இன்றும் எம்மிடையே உண்டு. அந்தத் தலைமுறை இங்கே ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் அமைத்தது. அவை விட்டுவந்த ஊருக்காக அமைந்தவை. வாழும் ஊருக்கு ஒரு சங்கம் இன்னும் இல்லை.

அதை எவ்வாறு அமைப்பது? எமது முன்மொழிவுகள் நான்கு.

முதலாவது, ஒரு தொண்டருக்கு ஒரு கட்டடம். தேர்தலில் தட்டிய கதவுகளையே அவர் நான்கு ஆண்டுகளும் தட்டவேண்டும். மாதம் ஒருமுறை போதும். மின்தூக்கி வேலை செய்கின்றதா, வெப்பமூட்டி இயங்குகின்றதா என்று கேட்டால் அரசியல் அங்கே தொடங்கிவிடும். வாடகைக் குடியிருப்பாளர் சங்கம் அமைப்பதை வீட்டு உரிமையாளர் தடுக்கக்கூடாது என்று ஒன்ராறியோச் சட்டம் கூறுகின்றது. 2025 டிசெம்பரில் பிஞ்ச் மேற்கு இலகு தொடருந்து ஹம்பர் கல்லூரி வரை ஓடத் தொடங்கியது. தொடருந்து வரும் இடத்துக்கு வாடகை உயர்வும் வரக்கூடும். அதற்கு முன் சங்கம் வரவேண்டும்.

இரண்டாவது, எமக்கென ஒரு பட்டியல். வாக்காளர் பட்டியலைத் தேர்தல் தேவைக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தச் சட்டம் இடந்தராது. எனவே மக்களின் சம்மதத்துடன் அவர்களது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நாமே பெறவேண்டும். அப்பட்டியல் எந்த வேட்பாளருக்கும் சொந்தமாகலாகாது.

மூன்றாவது, அயலவரோடு கூட்டு. ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் சோமாலியத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே கோரிக்கையில் கையொப்பமிட மொழி தடையாகாது. மாநகரசபைக் குழுக்களின் முன் எவரும் பதிவு செய்து பேசலாம். குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஐந்து இனத்தவர் சேர்ந்து பேசினால் அந்தக் குரலின் எடை வேறு.

நான்காவது, இளையோருக்குப் பொறுப்பு. உயர்தரப் பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணிநேரச் சமூகப் பணி கட்டாயமாகையால், அதற்காக வரும் மாணவர் பலர். நாற்பதாவது மணியில் அவர்களை வழியனுப்பிவிடுகின்றோம். அன்றே அவர்களிடம் ஒரு கட்டடத்தின் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். லிபரல் கட்சியும் கன்சர்வேட்டிவ் கட்சியும் 14 வயதிலேயே உறுப்புரிமை வழங்குகின்றன. வேட்பாளரைத் தெரிவு செய்யும் வாக்கு உங்கள் பிள்ளைக்கு இப்போதே கிடைக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் உணரவேண்டும்.

தாயக மக்களின் துயரை மறந்து மின்தூக்கிக்குப் போராடுவதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆயினும் 2021 இல் ஒன்ராறியோ மாகாணசபை தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டத்தை நிறைவேற்றியதும், 2022 இல் நாடாளுமன்றம் மே 18 ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றதும் தமிழ் உறுப்பினர்களால் மட்டும் நிகழ்ந்தவையல்ல. தமிழரல்லாத உறுப்பினர்கள் கையுயர்த்தினார்கள். தத்தம் தொகுதித் தமிழரை அறிந்திருந்தோர் அவர்களுள் இருந்தனர். மாகாண முதல்வரே உறுப்பினராகத் தெரிவான தொகுதியில் வாழும் நாம், அவரது கதவைத் தட்டக்கூடிய வாக்காளர்களாக இருக்கின்றோமா என்று எம்மை நாமே கேட்கவேண்டும்.

சிறு தொகையின் வலிமையையும் எண்ணிப் பாருங்கள். 2014 மாநகரசபைத் தேர்தலில் ரொறன்ரோ வாக்காளரில் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் வாக்களித்தனர். 2022 இல் அது 30 சதவீதத்துக்கும் கீழ் இறங்கியது. 2018 இல் நீதன் சாண் அவர்கள் ஸ்காபரோவில் தோற்றது இருநூறுக்கும் குறைவான வாக்குகளால். ஒரேயொரு அடுக்குமாடியில் அவ்வளவு வாக்குகள் உண்டு. அவர் ஓய்ந்துவிடவில்லை. கல்விச்சபையில் பணியாற்றி, 2025 செப்டெம்பர் இடைத்தேர்தலில் மீண்டும் மாநகரசபைக்குத் தெரிவானார்.

ஒன்ராறியோவில் நகராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்டோபர் மாத நான்காம் திங்கட்கிழமை வருகின்றது. அது ஒரு நாள். எஞ்சிய நாட்கள் ஆயிரத்து நானூறுக்கு மேல். அந்த நாட்களை எவர் மக்களோடு கழிக்கின்றாரோ அவரே ரெக்ஸ்டேலின் அரசியலைத் தீர்மானிப்பார். பெற்றோரே, இளையோரே, அடுத்த வேட்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இவ்வார இறுதியில் உங்கள் மாடியிலுள்ள கதவுகளைத் தட்டுங்கள். வாக்குக் கேட்க வேண்டாம்; என்ன குறை என்று கேளுங்கள்.