மாற்றுக் காரின் வாடகையை யார் கொடுப்பது?



ஓரமாக நிறுத்தி வைத்திருந்த உங்கள் காரின் மீது ஒருவர் மோதிவிடுகிறார். பழுதுபார்க்கும் செலவை அவருடைய காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. கார் பட்டறையில் கிடக்கும் நாள்களிலோ வேலைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். அதற்காக எடுத்த வாடகைக் காரின் செலவு யாரைச் சேர்ந்தது? இங்கிலாந்தில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்நாட்டு நீதிமன்றங்கள் இதற்கு விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

1928-இல் கிரேக்க நாட்டின் பாட்ராஸ் துறைமுகத்தில், ‘லீஸ்போஷ்’ என்னும் தூர்வாரும் கப்பலை ‘எடிசன்’ என்னும் கப்பல் கடலுக்குள் இழுத்துச் சென்று மூழ்கடித்தது. வேறு கப்பல் வாங்க உரிமையாளர்களிடம் பணமில்லை. ஒப்பந்த வேலையை நிறுத்தவும் வழியில்லை. ஆகவே அதிகச் செலவில் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார்கள். வழக்கு, அந்நாளில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 1933-இல் தீர்ப்பு வந்தது: ஒத்த கப்பலின் விலையும், அது வந்து சேரும் வரையிலான இழப்பும் உண்டு, பணமில்லாமையால் நேர்ந்த கூடுதல் செலவுக்கு ஈடு இல்லை!

சிந்தித்துப் பாருங்கள். வசதி உள்ளவனுக்கு முழு ஈடு. இல்லாதவனுக்குக் குறை ஈடு. எழுபது ஆண்டுகள் இவ்விதி நின்றது.

பின்னர், முன்பணம் வாங்காமல் கடனுக்குக் கார் கொடுத்து, மோதியவரின் காப்பீட்டு நிறுவனத்திடம் வாடகையை வசூலிக்கும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றின் கட்டணம் சாதாரண வாடகையை விட அதிகம். அந்தக் கூடுதல் பகுதியைக் கோர இயலாது என்று 2000-இல் பிரபுக்கள் சபை கூறியது. அவ்வழக்கிலோ, ஒப்பந்தம் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி எழுதப்படாமையால் வாடகையே கிடைக்காமற் போயிற்று.

2003-இல் இன்னொரு வழக்கு. வேலையற்ற ஒருவரின் பழைய ஃபோர்டு கிரனாடா கார் சேதமுற்றது. வாடகையை முன்கூட்டிச் செலுத்த அவரால் முடியாது. கடனுக்கு எடுப்பதே அவருக்கிருந்த ஒரே வழி. மூன்று நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். மோதியவர், பாதிக்கப்பட்டவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்க வேண்டும். வறுமையும் அந்நிலையில் அடங்கும் என்பதே முடிவு. முழு வாடகையும் கிடைத்தது. 1933-ஆம் ஆண்டு விதி கைவிடப்பட்டது.

எனினும், இத்தீர்ப்பு அனைவருக்கும் திறந்துவிட்ட கதவன்று. வசதி உள்ளவர் கடனுக்கு எடுத்தாலும் சாதாரணச் சந்தை வாடகையே பெறுவார். வசதியில்லை என்பவர் வங்கிக் கணக்கைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். வீட்டில் மற்றொரு கார் சும்மா நின்றால், மாற்றுக் காரின் தேவையே கேள்விக்குள்ளாகும். சிறிய காருக்கு ஈடாக ஆடம்பரக் கார் எடுப்பதும், பழுது நீங்கிய பின்னும் திருப்பித் தராதிருப்பதும் கோரிக்கையைக் குறைக்கும். மன்றம் ஏற்காத தொகை, ஒப்பந்தப்படி, கையெழுத்திட்டவர் தலையிலேயே விழக்கூடும்.

ஆகவே அங்குள்ள உங்கள் மக்களுக்கு இரண்டைச் சொல்லுங்கள். விபத்துக்குப் பின் தொலைபேசியில் ‘இலவசக் கார்’ என்று எவரேனும் கூறினால், ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பின்னரே கையெழுத்திடட்டும். தேவையையும் வருவாயையும் உள்ளபடியே கூறட்டும். வறியவரைக் காக்க எழுந்த தீர்ப்பு அது. வசதி படைத்தவர் வறுமை வேடமிட அன்று.