கார்ப்பெட்டின் அடியில்

எங்கள் வங்கியில் மேனேஜர் அறைக்கு மட்டும் கார்ப்பெட். தினமும் குனிந்து பெருக்கும் அக்காவிடம் கேட்டார்: "நாத்தம் போகலியே, ஒழுங்கா செய்யத் தெரியாதா?"

யாருக்குத் தெரியாது? விளக்குமாறு மேல்தூசியைத்தான் தள்ளும். நம் செருப்போடு வந்த மண் இழைகளின் அடியில் கிடக்கிறது. அதை ஆழமாக எடுப்பது வெந்நீர் முறை. முதலில் வேக்குவத்தால் மண்ணை உறிஞ்சணும், நனைந்தால் சேறு. பிறகு கரைசல் தெளித்து, 10-15 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரை அழுத்திப் பீய்ச்சி, உடனே உறிஞ்சணும். கம்பளியென்றால் சூடு குறையணும். சோப்பு மிஞ்சினால் மறுபடி அழுக்கு ஒட்டும். ஒரு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை, நாற்றம்.

போன வருஷம் இந்த மெஷினோடு ஓர் ஆள் வந்தார். அவருக்கு நாற்காலி, கண்ணாடி கிளாஸில் டீ, 'சார்' என்ற மரியாதை. மெஷினில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரைக் கொட்ட மட்டும் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அழுக்கு ஒன்றுதான், தோழர்களே. மெஷின் பிடித்தால் தொழில்நுட்பம். வாளி பிடித்தால் சாதியா?

மெஷினை அக்கா கையில் கொடுங்கள். பயிற்சி, கையுறை, அந்த 'சாரு'க்குக் கொடுத்த கூலி, எல்லாவற்றோடும்.