வாய் கோணினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்!



ஆஸ்பத்திரி மிஸ்ஸிகள் மேல் நம்மவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "அவரு வாய் கோணி, கை விழுந்து கிடக்கிறாரு. இந்த மிஸ்ஸி என்னடான்னா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு மூணு தடவை கேக்குது. நாக்கு வறண்டு தண்ணி கேட்டாரு, ஒரு வாய் கொடுக்க விடல. கண்ணை மூடினா தட்டித் தட்டி எழுப்புது!" சுங்காய் பசாரில் ஓர் அக்காள் என்னிடம் இப்படிப் பொரிந்து தள்ளினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நியாயம் மிஸ்ஸி பக்கம்தான்.

நாம் பக்கவாதம் என்கிறோம். மலாய்க்காரர்கள் அங்கின் அஹ்மார் என்பார்கள். டாக்டர் ஸ்ட்ரோக் என்பார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டுப் போகும், அல்லது வெடித்துவிடும். அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அதை நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் மணியில் கிடைக்கும் பலன் நாலாவது மணியில் கிடையாது. வெடிப்பென்றாலோ அதே ஊசி ஆளையே கொன்றுவிடும். எது என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். நேரம் தெரியாவிட்டால் பெரும்பாலும் அந்த ஊசியைப் போட டாக்டர் துணியமாட்டார். இப்போது சொல்லுங்கள், மிஸ்ஸி மூன்று தடவை கேட்டது தப்பா? தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருந்தவர் மட்டும்தான்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. முகம் ஒரு பக்கம் விழுந்தவருக்குத் தொண்டையும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் மிஸ்ஸி கொடுப்பார்.

தட்டி எழுப்புவது ஏன்? 1974ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் ஒரு கணக்கு வகுத்தார்கள். கண் திறக்கிறாரா, பேச்சுக்குப் பதில் வருகிறதா, கை கால் அசைகிறதா என்று பார்த்து மார்க் போடுவது. நல்ல நினைவுக்கு 15, ஆழ்ந்த மயக்கத்துக்கு 3. மிஸ்ஸி திரும்பத் திரும்ப எழுப்பி இதைத்தான் குறிக்கிறார். மார்க் இறங்கினால் மூளைக்குள் ஏதோ மோசமாகிறது என்று டாக்டரைக் கூப்பிட ஓடுவார். "பாவம், தூங்கட்டும்" என்று விட்டால் அந்த இறக்கம் யார் கண்ணிலும் படாது. 1998 கடைசியில் நம் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்த நிப்பா நோயை நினைத்துப் பாருங்கள். மறு வருஷத்துக்குள் நாட்டில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். காய்ச்சல், தலைவலி என்று வந்தவர்களில் பலருக்கு நினைவு மங்கியது. காய்ச்சலோடு தூக்கக் கலக்கம் என்றால் அது தூக்கமல்ல!

இனி நம் லயத்துக்கு வருவோம். அந்த அக்காளின் கணவருக்கு வாய் கோணியது விடியற்காலை, பெரட்டுக்குப் புறப்படும்போது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது மதியம் இரண்டு மணிக்கு. இடையில் என்ன நடந்தது? எண்ணெய் தேய்த்தார்கள். ஊசியால் விரல் நுனியைக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார். (விரலில் குத்த வேண்டியவர் மிஸ்ஸிதான், சர்க்கரை பார்க்க. சர்க்கரை அடியோடு இறங்கினாலும் வாதம் போலவே காட்டும்.) அன்பினால்தான் செய்தார்கள், ஆனால் ஊசி போடும் நேரம் அதிலேயே கழிந்துபோனது.

வலிப்புக்கும் இதே கதைதான், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், பல்லுக்கிடையில் கரண்டியை நுழைப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999.

வாதமென்று சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேரைக் கேளுங்கள். ஒன்று சரியில்லையென்றாலும் 999ஐக் கூப்பிட்டு "அங்கின் அஹ்மார்" என்றே சொல்லுங்கள். தோட்டத்துப் பேர், எத்தனாவது டிவிஷன் என்பதையும் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அடுத்தது பெரிதாக வரலாம். சாப்பிடும் மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எல்லாப் பழியையும் நம் தலையில் போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார், நடு ராத்திரியில் கதவைத் தட்டலாம். இன்று பல இடங்களில் அந்தக் கட்டடம் ஸ்டோராகிவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் பல கிலோமீட்டர், விளக்கில்லை, போர்டில்லை. ஆம்புலன்ஸ்காரர் எப்படி வழி கண்டுபிடிப்பார்? கேட் பூட்டியிருந்தால் சாவி யார் கையில்? வலிப்புக்காரர் கையில் திணிக்கும் சாவியால் பிரயோஜனமில்லை. ராத்திரியில் தோட்ட வண்டியின் சாவி இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்: கேட் சாவி, வண்டிச் சாவி, ராத்திரி டிரைவர் பேர், சந்திப்பில் தோட்டத்துப் பேர் போர்டு. பதில் வரும்வரை, ஆம்புலன்ஸ் கூப்பிட்டவுடன் ஓர் இளைஞனை மோட்டார் சைக்கிளில் டார்ச் லைட்டோடு சந்திப்புக்கு அனுப்பி வையுங்கள்.