விடிய விடியக் கேட்ட நாதம்

சங்கீத வித்வான்களுக்கு நமது நாட்டில் கிடைக்கும் கீர்த்தி மிகவும் விசித்திரமானது. காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் பெயரைச் சொன்னதும் அநேகர் என்ன சொல்கிறார்கள்? "ஓகோ! 'சிங்கார வேலனே தேவா' பாட்டுக்கு நாதஸ்வரம் வாசித்தவர் அல்லவா?" என்கிறார்கள். 1962-ம் வருஷம் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் வரும் ஆபேரி ராகப் பாட்டு அது. எஸ். எம். சுப்பையா நாயுடு சங்கீதம் அமைத்தார்; எஸ். ஜானகி பாடினார். அந்தக் குரலோடு போட்டியிட்டுக் கொண்டும், கொஞ்சிக் கொண்டும் சென்ற நாயனம் காருகுறிச்சியாருடையது. அருமையான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அது சில நிமிஷச் சங்கதி. கோயில் வீதியில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்து, ஜனங்களை இருந்த இடத்தை விட்டு அசையாமல் செய்த ஒரு வித்வானை அந்தச் சில நிமிஷங்களைக் கொண்டு மட்டும் நினைவு வைத்துக் கொள்வது, சமுத்திரத்தைச் சங்கில் எடுத்து வைத்துக் கொள்வது போல்தான். சங்கில் இருப்பதும் சமுத்திர ஜலமே. ஆயினும் அலை எங்கே?

அந்த அலையைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கங்கைக்கும் காவேரிக்கும் முன்னால் இது ஒரு சிறு பெண். ஆனால் எட்டு அணைக்கட்டுகளின் உதவியால் கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு போகம் விளைவித்துக் கொடுக்கிறாள். இதற்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிரம்பச் சம்பந்தம் உண்டு. வயலில் நெல் விளைந்தால் கோயிலில் உற்சவம் நடக்கும். உற்சவம் நடந்தால் மேளம் வேண்டும். பாபநாசம் தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றங்கரை நெடுகக் கோயில்கள், கோயில்தோறும் வாத்தியக்காரர்கள். நெல்லையப்பர் கோயிலில் கல் தூண்களைத் தட்டினால்கூட ஸ்வரம் கேட்கிறது என்றால், அந்த ஊர் மனிதர்களின் காது எப்படிப் பழகியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இந்தக் கரையில் உள்ள காருகுறிச்சியில்தான், மண்பாண்டத்துக்குப் பெயர் போன அந்தச் சிற்றூரில், 1921-ம் வருஷம் அருணாசலம் அவதரித்தார்.

அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரரின் நிலைமை என்ன? நாதஸ்வரம் மங்கள வாத்தியம். அது இல்லாமல் தாலி ஏறாது, சுவாமி புறப்படாது. ஆனால் அதை ஊதுகிறவருக்கு மட்டும் மேடை கிடையாது. வீதியில் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், சுவாமி நிற்கும் இடத்தில் தானும் நின்று வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டு வித்வான் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவார். அதே ராகத்தை அவரைவிட விஸ்தாரமாக வாசிக்கக் கூடியவர் தோளில் துண்டு போட்டுக் கொள்ளவும் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்தை எதிர்த்து நிமிர்ந்து நின்றவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள். பட்டு அங்கி அணிந்து, மேடையில் உட்கார்ந்து, "நானும் வித்வான்தான்" என்று உலகத்துக்குத் தெரிவித்தார்.

அங்கியும் மேடையும் மட்டும் போதவில்லை. வாத்தியமே மாற வேண்டியிருந்தது. பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உச்சம். பத்து வீதிக்கு அப்பால் கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு அது பொருத்தந்தான். ஆனால் சபையில் உட்கார்ந்து கேட்பவர்களின் காது என்ன ஆவது? நீளமான பாரி நாயனத்தில் சுருதி இறங்குகிறது, நாதம் கனமாகிறது, கமகங்கள் இழைகின்றன. தஞ்சை ஜில்லாவில் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த இந்தப் பாரி நாயனந்தான் பிள்ளையவர்களின் கையில் தோடி ராகமாகப் பொழிந்தது. 2022-ம் வருஷத்தில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

ஏறக்குறைய இதே சமயத்தில் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில், வேறொரு வாத்தியத்துக்கும் விமோசனம் பிறந்தது. அதன் பெயர் கிட்டார். நீக்ரோ மக்களின் துயரத்திலும் உற்சாகத்திலும் பிறந்த ஜாஸ் சங்கீதத்தில் எக்காளமும் ஸாக்ஸபோனும் முழங்கும்போது, பின்வரிசையில் உட்கார்ந்து தாளத்துக்குத் தந்தியைத் தட்டிக் கொண்டிருப்பதுதான் கிட்டார்க்காரரின் தொழில். அவர் வாசிப்பது அவருக்கே கேட்குமோ, என்னவோ! 1939-ம் வருஷத்தில் பென்னி குட்மன் என்பவரின் கோஷ்டியில் சார்லி கிரிஸ்டியன் என்னும் நீக்ரோ இளைஞர் சேர்ந்தார். அவர் கையில் இருந்தது மின்சாரக் கிட்டார். அன்று முதல் கிட்டார் முன்வரிசைக்கு வந்துவிட்டது. கச்சேரி முடிந்த பிறகும் அவர் தூங்கப் போவதில்லை. நியூயார்க் நகரில் ஹார்லெம் பகுதியில் மிண்டன் என்ற விடுதிக்குப் போய், நடுநிசிக்கு மேல் சக வித்வான்களோடு வாசித்துக் கொண்டிருப்பார். 1942-ல், இருபத்தைந்தே வயதில், க்ஷயரோகத்துக்கு இரையானார்.

எவ்வளவு வேடிக்கை, பாருங்கள்! கிட்டாரின் குறை ஒலி போதாமை. நாயனத்தின் குறை ஒலி மிகுதி. ஒன்றை உயர்த்த வேண்டியிருந்தது. மற்றொன்றை இறக்க வேண்டியிருந்தது. இரண்டும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. ஒரு தனி மனிதர் தம் கற்பனையைத் தாமே பேசக் கூடிய மேடை அது.

அந்தக் கற்பனையிலும் ஒற்றுமை உண்டு. ஜாஸ் வித்வான் ஒரு சிறு மெட்டை முதலில் வாசித்துக் காட்டுவார். அநேகமாக அது முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் கொண்டதாயிருக்கும். பிறகு அந்தக் கட்டங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார். அடியில் ஸ்வரக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக் கொண்டே வரும். அவற்றுக்கு இணங்கியே போக வேண்டும். நமது நாதஸ்வர வித்வானுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆலாபனையில் தாளம்கூடக் கிடையாது. ராகத்தின் நடை ஒன்றுதான் அவருக்கு வேலி. பல்லவிக்கு வரும்போதுதான் தவுல் வந்து கையைப் பிடிக்கிறது. வேலி வெவ்வேறு, உள்ளே விளையும் பயிர் மனோதர்மம். அதை எழுதி வைக்க முடியாது. நேற்று வாசித்தது இன்று வராது. ஆகையால் நேரில் கேட்பது என்பது இவ்விரண்டு சங்கீதத்துக்கும் உயிர்நிலை.

காருகுறிச்சியார் இராஜரத்தினம் பிள்ளையவர்களிடம் போய்ச் சேர்ந்து, குருவின் பக்கத்தில் நின்று வாசித்தே வித்தையைச் சம்பாதித்தார். இது சாமான்யமான பள்ளிக்கூடம் அல்ல. குரு அடுத்த நிமிஷம் எங்கே போவார் என்பது குருவுக்கே தெரியாது. அவர் விட்ட இடத்தில் எடுக்க வேண்டும். எடுத்ததை அவருக்குக் குந்தகமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தனையும் ஆயிரம் பேர் முன்னிலையில். இப்படிப் பயின்றவர் பின்னர்த் தனியாக வாசிக்கத் தொடங்கியபோது, குருவின் கம்பீரத்தோடு தம்முடைய இனிமையையும் சேர்த்துக் கொண்டார். குருவின் நாதம் மலையருவி என்றால், சிஷ்யருடையது சமவெளிக்கு வந்துவிட்ட தாமிரபரணி. வேகம் உண்டு, ஆனால் குளிப்பவர்களைப் பயமுறுத்தாது. 1956-ல் இராஜரத்தினம் பிள்ளை மறைந்த பிறகு, அந்தப் பாணியைக் கேட்க விரும்பியவர்கள் காருகுறிச்சியாரைத் தேடி வந்தார்கள்.

அவர் குடியேறிய ஊர் கோவில்பட்டி. ஆறும் வாய்க்காலும் இல்லாத கரிசல் சீமை. ஆனால் ரசிகர்களுக்கு அங்கே வறட்சி இல்லை. பக்கத்தில் உள்ள இடைசெவல் கிராமத்தில் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எத்தகைய சங்கீதப் பித்தர்கள் என்பது இலக்கிய அன்பர்களுக்குத் தெரியும். சம்சாரிகள் வண்டி கட்டிக் கொண்டு கச்சேரிக்குப் போன பிரதேசம் அது. டிக்கட்டு இல்லை, நாற்காலி இல்லை. மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தவர்கள், கிழக்கு வெளுக்கும் வரையில் எழுந்திருக்க மாட்டார்கள். வித்வான் நல்ல பிடி ஒன்றைப் பிடித்தால் "ஆகா!" என்பார்கள். அந்த 'ஆகா'வைக் கேட்டு வித்வான் இன்னொரு பிடி பிடிப்பார். வித்வானை உண்டாக்கியதில் குருவுக்குப் பாதிப் பங்கு என்றால், மற்றப் பாதி அந்த மணலில் உட்கார்ந்தவர்களுக்கு உரியது என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

1964-ல், நாற்பத்து மூன்றாம் வயதில், காருகுறிச்சியார் காலமானார். ஊதும் வாத்தியம் உடம்பைக் கசக்கிப் பிழிகிற வாத்தியம். இரவெல்லாம் வாசிப்பு, பகலெல்லாம் பிரயாணம் என்ற வாழ்க்கையில் நீண்ட ஆயுள் பலருக்குக் கிட்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ல்ட்டன் கிட்டோ என்று ஒரு கிட்டார் வித்வான். பெங்களூரில் பிறந்தவர், இளமையில் நமது சென்னையிலும் வாசித்தவர், பிறகு கல்கத்தா சென்று அங்கேயே தங்கிவிட்டவர். சார்லி கிரிஸ்டியன் வழியில் வந்த ஜாஸ் சங்கீதத்தை வாழ்நாள் முழுதும் வாசித்தார். அவர் போன காலத்தில் கல்கத்தா பார்க் தெருவின் உணவு விடுதிகளில் இரவுதோறும் வாத்திய கோஷ்டிகள் வாசித்துக் கொண்டிருந்தன. நாளடைவில் அந்த மேடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பலர் சினிமாவுக்கும் வேறு தினுசுச் சங்கீதத்துக்கும் போனார்கள். கிட்டோ போகவில்லை. பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்துக் கொண்டு, கிடைத்த இடத்தில் தமக்குப் பிடித்ததையே வாசித்தார். அவரைத் தேடிப் போய் ஓர் ஆவணப் படமே எடுத்தார்கள். 2016-ல் அவர் கண் மூடும்போது, சுமார் அரை நூற்றாண்டு அந்தத் தந்திகளோடு அவர் உறவாடியிருந்தார்.

இந்த இருவரில் யார் பாக்கியசாலி? காருகுறிச்சியாருக்கு ஆயிரக்கணக்கான காதுகள் கிடைத்தன, ஆயுள் கிடைக்கவில்லை. கிட்டோவுக்கு ஆயுள் கிடைத்தது. காதுகள் குறைந்து போயின. ஆயுளைக் கொடுப்பது நமது கையில் இல்லை. காதைக் கொடுப்பது நமது கையில்தானே இருக்கிறது?

இன்று தாமிரபரணிக் கரையில் நிலைமை எப்படி? கோவில்பட்டியில் காருகுறிச்சியாருக்குச் சிலை இருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் சில கோயில்களில் நாம் காண்பது என்ன? பூஜை வேளையில் பொத்தானை அமுக்கினால், மின்சார இயந்திரம் ஒன்று மணியையும் முரசையும் தானே அடித்துக் கொள்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, குருவும் இல்லை. கல்யாண மண்டபத்திலோ, வாசலில் கேரளத்துச் செண்டை மேளம் அதிர்கிறது. செண்டை அருமையான வாத்தியம். அதன் மீது நமக்கு விரோதமில்லை. அதற்கு உரிய மரியாதையை மலையாள தேசத்தில் போய்க் கேட்டுச் செலுத்துவோம். உள்ளே மேடைக்குப் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவர் இருக்கிறார். கெட்டி மேளத்துக்கு மட்டும் எல்லாரும் அவர் பக்கம் திரும்பிக் கையை ஆட்டுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் கல்யாணி வாசித்தாலும் கரகரப்பிரியா வாசித்தாலும் ஒன்றுதான். போட்டோப் பிடிப்பவருக்கு உள்ள கௌரவம் அவருக்கு இல்லை.

"பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றனவே, இணையத்தில் வேண்டியபோது கேட்கலாமே!" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை, நாமும் கேட்கிறோம், கேட்டுக் கண் கலங்குகிறோம். ஆனால் ஒலிப்பதிவு நம்முடைய 'ஆகா'வைக் கேட்டு இன்னொரு பிடி பிடிக்காது. அது இறந்தவரை நமக்குக் காட்டும். பிறக்க வேண்டியவரை உண்டாக்காது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தினம் விடியற்காலையில் சீவாளியை வாயில் வைத்துச் சாதகம் செய்ய வேண்டுமானால், "இதைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள்" என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும்.

ஆகையால் நமது நேயர்களிடம் ஒரு சிறு யாசகம். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது, மேளக்காரரை முகூர்த்தத்துக்கு மட்டும் என்று பேசி முடிக்காதீர்கள். முதல் நாள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வித்வானையும் தவுல்காரரையும் மேடையில் உட்கார வையுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்து, குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, "ஐயா, உங்களுக்குப் பிடித்த ராகத்தைப் பிடித்தபடி வாசியுங்கள்" என்று கேளுங்கள். அந்த வார்த்தையை அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ! பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று சமையற்காரர் அவசரப்படுத்துவார். சாம்பார் சற்று ஆறினாலும் பாதகமில்லை. அதைச் சுட வைத்துக் கொள்ளலாம்.