வேட்டையின் விலை வேலியில் இருக்கிறது

1976-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எல்க் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலர் கட்டினால் போதும். எல்க் என்பது முந்நூறு கிலோவுக்கு வளரும் பெரிய மான். வெளிமாநிலத்தார் அதே மானைத் தேடிப் போக வேண்டுமானால் 225 டாலர் கொடுத்து ஒட்டுமொத்த உரிமம் வாங்கியாக வேண்டும். மின்னசோட்டாவைச் சேர்ந்த நான்கு பேர், மொன்டானாவில் வேட்டை வழிகாட்டியாக இருந்த ஒருவருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தோற்றார்கள். எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல. ஆகவே வெளியாரிடம் அதிகம் கேட்பது அரசியல் சட்டத்தை மீறுவதாகாது என்றது தீர்ப்பு.

அந்த உரிமத்துக்கு வெளிமாநிலத்தார் இன்று கொடுப்பது ஆயிரம் டாலருக்கு மேல். தொகையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1976-இன் 225 டாலரும் இன்றைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். வேட்டை கட்டுப்படியாகவில்லை என்று அமெரிக்காவில் எழும் புலம்பலில் உண்மை இருக்கிறது. பழி மட்டும் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. துப்பாக்கியும் தோட்டாவும் உரிமமும் செலவில் ஒரு பகுதிதான். கையைக் கடிப்பது நிலம்.

டெக்சஸைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே குடியிருப்பவருக்கு வேட்டை உரிமம் 25 டாலர், ஒரு குடும்பம் உணவகத்தில் சாப்பிடும் செலவுகூட இல்லை. ஆனால் அம்மாநிலத்தின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. உரிமையாளர் சம்மதமின்றி அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடுவது அங்கே குற்றம். ஆகவே உரிமத்தைப் பையில் வைத்திருப்பவர் அடுத்ததாகத் தேட வேண்டியது மானை அல்ல, குத்தகைக்கு நிலம் தரும் பண்ணைக்காரரை. நல்ல இடமானால் ஒரு பருவத்துக்கு ஒரு ஆளுக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். தாத்தா காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு உள்ளே போன குடும்பங்கள் இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்டுகின்றன. கட்ட முடியாதவர்கள் துப்பாக்கியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மேற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே பொது நிலம் ஏராளம். போய்ச் சேரத்தான் வழியில்லை. 1860-களில் ரயில் பாதை போட்ட நிறுவனங்களுக்கு அரசு பாதையோரமாக ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் வழங்கியது. அதனால் சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் பொது நிலம், அடுத்தது தனியார் நிலம் என்று அமைந்துபோனது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்த மூலையைத் தாண்டினால் தனியார் நிலத்துக்கு மேலே உள்ள காற்றைக் கடந்த குற்றம் என்று உரிமையாளர்கள் வாதிட்டார்கள். இப்படி மூலைக்குள் சிக்கிக் கிடக்கும் பொது நிலம் 83 இலட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் என்ற வரைபட நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்கு அது. மக்கள் பெயரில் பதிவான நிலம், மக்கள் கால் வைக்க முடியாமல் கிடக்கிறது.

2021-இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் வயோமிங்கின் எல்க் மலைப் பகுதியில் ஒரு சிறு ஏணியை மூலையில் நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. ஆனால் தம் சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதென்று பல இலட்சம் டாலர் கேட்டு நில உரிமையாளர் உரிமையியல் வழக்கும் தொடுத்திருந்தார். 2025 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்துக்குப் போகும் வழியை மறிப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு அந்த நால்வர் பக்கம் நின்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் அது செல்லுபடியாவது ஆறு மாநிலங்களில்தான். மொன்டானா அவற்றில் இல்லை. ஓர் ஏணியை வைத்து ஏறியதற்கு நான்கு பேர் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது என்றால், சாதாரண சம்பளக்காரர் எவர் துணிவார்?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. மான் சுடும் செலவு கூடினால் நல்லதுதானே என்று தமிழ் வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்காவில் காட்டைக் காக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அன்று அதன் விலை ஒரு டாலர், 2015 முதல் 25 டாலர். அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்குக்கென்றே ஒதுக்கியது; அண்மை ஆண்டுகளில் இது ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. மாநில வனவிலங்குத் துறைகளின் சம்பளமும் ஆய்வும் பெருமளவு உரிமக் கட்டணத்தை நம்பியே ஓடுகின்றன. 1900 வாக்கில் சில இலட்சமாகத் தேய்ந்துபோன வெள்ளைவால் மான்கள் இன்று கோடிக்கணக்கில் திரிவதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

அந்த அடித்தளம் கரைகிறது. 2016-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் வேட்டையாடியவர்கள் 1.15 கோடி பேர், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இருபது இலட்சத்துக்கு மேல் குறைவு. பதினாறு வயதைத் தாண்டியவர்களில் அவர்கள் ஐந்து சதவீதம்கூட இல்லை. மொத்தச் செலவு 2,620 கோடி டாலர். தலைக்குச் சுமார் 2,300. இந்தச் சராசரியை அப்படியே நம்பக் கூடாது. வண்டியும் நிலமும் குத்தகையும் அதில் அடக்கம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொதுக் காட்டில் பழைய துப்பாக்கியோடு ஒரு மானைச் சுட்டுக் குளிர்காலம் முழுக்கக் கறிக்கு வைத்துக்கொள்பவரும் அதில் அடக்கம். அவர்தான் முதலில் விலகிப்போவார், செல்வர் அல்ல.

செல்வர் தரும் பணம் போதாதா என்றொரு வாதம் உண்டு. மொன்டானாவில் ஒரே ஒரு பிக்ஹார்ன் காட்டாட்டுக்கான உரிமம் 2013-இல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. காட்டாடுகளுக்கு அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் சில ஏலச் சீட்டுகளால் ஒரு மாநிலத்தின் மான் கூட்டத்தை அளவோடு வைத்திருக்க முடியாது. ஓநாய் ஒழிந்த பகுதிகளில் மான் பெருகி, இளமரக் கன்றுகளை மேய்ந்து, சாலையில் வண்டிகள் மீது மோதுகிறது. அங்கே தேவைப்படுவது பெட்டை மானைச் சுட்டுக் கறி எடுத்துப் போகும் இலட்சக்கணக்கான சாதாரண ஆட்கள். பெருங்கொம்புக்காகப் பணம் கொட்டுகிறவர் அதற்கு வரமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1671-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலம் உடையவர் போன்ற மேட்டுக்குடியினருக்கே வேட்டையை ஒதுக்கி வைத்தது. 1831 வரை அந்த நிலை நீடித்தது. அமெரிக்கா வேறு பாதையில் போனது. காட்டு விலங்கு நிலக்காரருடையதல்ல, மக்களுடையது என்பது அங்கே ஊறிய கொள்கை. குத்தகையும் பூட்டிய வேலியும் எந்தச் சட்டமும் இயற்றாமலே அமெரிக்காவைப் பழைய இங்கிலாந்தின் நிலைக்குத் திருப்பிக்கொண்டு போகின்றன.

திருத்த வழிகள் இருக்கின்றன, அவை சோதித்துப் பார்த்தவையும்கூட. மொன்டானாவில் ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ திட்டத்தின்கீழ் நிலத்தைத் திறந்துவிடும் பண்ணைக்காரருக்கு அரசு பணம் தருகிறது. வேட்டைக்காரர் இலவசமாக நுழைகிறார். மிசூரி வாக்காளர்கள் 1976-இலேயே விற்பனை வரியில் நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட் வீதம் இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். அங்கே பறவை பார்ப்பவரும் மலையேறுபவரும் எதுவும் செய்யாதவரும் பங்கு தருகிறார்கள். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் தரும் வனவிலங்கு மீட்பு மசோதா 2022 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 190 என்று நிறைவேறி, செனட்டில் தேங்கி நின்றது. அதை மீண்டும் எடுத்து நிறைவேற்ற வேண்டும். உள்ளூர் உரிமக் கட்டணத்தைக் கூட்டி ஓட்டையை அடைக்கப் பார்க்கும் மாநிலங்கள், அதற்கு முன் மூலையில் அடைபட்ட பொது நிலங்களுக்கு ஒரு நடைபாதையாவது வாங்கித் தரட்டும்.