சாமி கோபித்தால் மந்திரம் போச்சா? டி அண்ட் டி-யில் தீராத வழக்கு

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள், ஒருத்தன் மட்டும் கதை சொல்லிக்கொண்டிருப்பான். அந்த விளையாட்டுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமாக டி அண்ட் டி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்டது. அதில் ஆரம்பத்திலேயே இருந்த வகைகள் மூன்று: போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக்.

அது யார் கிளெரிக்? கவசம் மாட்டி, கதாயுதம் தூக்கிய பூசாரி என்று வைத்துக்கொள்ளலாம். காயத்தை ஆற்றுவார், பேயை விரட்டுவார். மந்திரவாதி புத்தகம் படித்து மந்திரம் கற்கிறார். கிளெரிக்குக்கு அதைத் தருவது சாமி. சரி, கொடுத்த சாமியே அதைப் பிடுங்கிக்கொள்ளலாமா? சண்டையே இதில்தான்.

இத்தனைக்கும் கிளெரிக் பிறந்தது பக்தியால் அல்ல. ஆர்னசனின் ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக விளையாடி மற்றவர்களைத் தெறிக்கவிட, அவரை அடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான். சாமிகள் விவரமாக வந்தது பிறகு. 1980-ல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ புத்தகத்தில் நம்ம இந்திரனும் அக்னியும்கூட உண்டு, எத்தனை அடி தாங்குவார்கள் என்ற கணக்கோடு!

1979-ல் வந்த விதிப்புத்தகம் கறார். முதல் இரண்டு நிலை மந்திரங்கள் பயிற்சியால் வரும். 3 முதல் 5 வரை சாமியின் ஏவலர்கள் தருவார்கள். அதற்கு மேலே நேராக சாமியிடமே கேட்க வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பிலும், சாமியின் நெறியைப் பெரிதாக மீறினால் பரிகாரம் செய்யும்வரை எல்லா மந்திரமும் காலி. அதே புத்தகம், சாமியே இல்லாமல் ஒரு கொள்கையை மட்டும் நம்பும் கிளெரிக்கையும் அனுமதித்தது என்பது தனிக்கதை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனா மேசையில் சாமியாக உட்கார்ந்திருப்பது யார்? கதை சொல்லும் டன்ஜன் மாஸ்டர். ஒரு குழந்தையைக் காப்பாற்ற நீதி தேவதையின் கிளெரிக் பொய் சொல்கிறார் என்று வைப்போம். “தேவதைக்குக் கோபம், மந்திரம் கிடையாது” என்று மாஸ்டர் சொன்னால் கதை முடிந்தது. பக்கத்தில் அதே பொய்யைச் சொன்ன மந்திரவாதிக்கு ஒன்றும் ஆகாது. வாரம் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை இரவு விளையாட வந்தவர், மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டியதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரி ரெடி, சாமிதான் முறைக்கிறது.

அப்போ சாமியைத் தூக்கிவிடலாமா? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு கிட்டத்தட்ட அந்தப் பக்கம் சாய்ந்தது. கிளெரிக் மந்திரத்தை இழப்பதற்கென்று விதியே அதில் இல்லை. இதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. சாமி எதுவுமே கேட்காவிட்டால், கிளெரிக் என்பவர் யூனிஃபார்ம் மாற்றிய மந்திரவாதி. 1984-ல் வந்த ‘டிராகன்லான்ஸ்’ கதையில் கடவுள்கள் உலகை விட்டுப்போய் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். காயத்தை ஆற்ற ஒரு கிளெரிக்கும் கிடையாது. அப்போது கோல்ட்மூன் என்ற பெண்ணின் கையில் அந்தச் சக்தி திரும்ப வரும். மந்திரம் சாமியை நம்பி இருந்தால்தான் அந்தக் காட்சிக்கே அர்த்தம்.

இந்தச் சிக்கலை உருப்படியாக அவிழ்த்தவர் கீத் பேக்கர். 2004-ல் வந்த அவருடைய ‘எபெரான்’ உலகில், கடவுள்கள் இருக்கிறார்களா என்பதே உறுதியில்லை. ஊழல் செய்யும் குருவுக்கும் மந்திரம் வேலை செய்யும். அதனால் மந்திரம் பலிப்பதை வைத்து யார் நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. நம்புவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தானே முடிவு செய்ய வேண்டும். டன்ஜன் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்து அந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது.

மற்ற உலகங்களிலும் சாமி தாராளமாகக் கோபிக்கட்டும். கனவில் வந்து மிரட்டட்டும், கோயில் கதவை அடைக்கட்டும், சக பக்தர்களை எதிராகத் திருப்பட்டும். மந்திரத்தைப் பிடுங்குவது மட்டும், விளையாடுபவர் முன்கூட்டியே ஓகே சொல்லியிருந்தால்தான்.

2014 பதிப்பிலேயே இதற்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 10-ம் நிலையை எட்டிய கிளெரிக், ஆபத்தில் சாமியை நேரடியாகக் கூப்பிடலாம். நூறு வரை எண் தரும் பகடையில் 10 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் சாமி வருவார். பெரும்பாலும் வரமாட்டார். அப்போதும் காயம் ஆற்றும் மந்திரம் கிளெரிக்கின் கையில்தான் இருக்கும்.