குளிர்காலத்தில் வெனிஸ்: கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு... அப்போ என்னதான் சிக்கல்?

வருஷக் கடைசியில் மிச்சமிருக்கும் லீவை வைத்து ஐரோப்பா போகலாமா என்று யோசிப்பவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் பட்டியலில் வெனிஸ் இருக்கும். ரீல்ஸில் எல்லோரும் ஒரே அட்வைஸ்தான் தருகிறார்கள்: கோடையில் போகாதீங்க, குளிர்காலத்தில் போங்க, நுழைவுக் கட்டணமும் கிடையாது. சரிதான். ஆனால் அந்தக் கட்டணம் ஏன் வந்தது, குளிர்காலத்தில் அந்த நகரத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு டிக்கெட் போடுவது நல்லது.

எதற்கு இந்த 5 யூரோ?

பகலில் வந்து சுற்றிவிட்டு, இரவு தங்காமல் கிளம்புகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் மாநகராட்சி 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. முதல் ஆண்டு 29 நாட்களுக்கு மட்டும். 2025-ல் அது 54 நாட்கள் ஆனது. கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ. இரண்டு ஆண்டுகளிலும் ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலையில் முடிந்துவிட்டது. அதுவும் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான். நகரிலேயே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே ஹோட்டல் பில்லோடு சுற்றுலா வரி கட்டுகிறார்கள்.

கூட்டத்தைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம் என்றது மாநகராட்சி. குறையவில்லை என்கிறார்கள் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாலே விஷயம் புரியும். அங்கே பஸ்ஸுக்குப் பதில் ஓடும் வபோரெட்டோ படகில் ஒருமுறை ஏறவே வெளியூர்க்காரர்களுக்கு 9.50 யூரோ. கொண்டோலாவில் பகலில் அரை மணி நேரம் போக 90 யூரோ. இவ்வளவு செலவுக்குத் தயாராக வருகிறவர், 5 யூரோவுக்குப் பயந்து திரும்பிப் போய்விடுவாரா என்ன?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1951-ல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மாத வாடகையை விட, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுவதில்தான் லாபம். அதனால் உள்ளூர்க்காரர்கள் ரயில் பாலம் தாண்டி மெஸ்த்ரேவுக்குப் போகிறார்கள், வேலைக்கு மட்டும் தினமும் தீவுக்கு வருகிறார்கள். கோடையில் கூட்டம் இதை மறைத்துவிடும். ஜனவரியில் ஒரு வார நாள் மாலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள், எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரியவில்லை என்று தெரியும்.

தண்ணீர் வருமா?

வரும். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் 'அக்வா அல்டா' எனப்படும் உயர்நீர் சீசன். பௌர்ணமி அல்லது அமாவாசை ஓதம், தாழ்வழுத்தம், தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஏட்ரியாட்டிக் கடல் தண்ணீர் வடக்கே தள்ளப்பட்டு உப்பங்கழிக்குள் ஏறிவிடும். 1966 நவம்பர் 4-ல் 194 செ.மீ. உயரம் வரை ஏறியது. அதுதான் இன்றுவரை ரெக்கார்டு. 2019 நவம்பர் 12-ல் 187 செ.மீ.

இதைத் தடுக்கத்தான் 'மோசே' திட்டம். லிடோ, மலமோக்கோ, கியோஜா என்ற மூன்று கடல் வாய்களின் அடியில் 78 இரும்புக் கதவுகள் தண்ணீர் நிரம்பிப் படுத்துக் கிடக்கும். தேவைப்படும்போது உள்ளே காற்றைச் செலுத்தினால், தண்ணீர் வெளியேறி கதவுகள் எழுந்து நின்றுவிடும். 2003-ல் தொடங்கிய வேலை. நடுவில் 2014-ல் ஊழல் வழக்கு வெடித்து, அப்போதைய மேயரே கைதானார். செலவு 500 கோடி யூரோவைத் தாண்டியது. 2020 அக்டோபர் 3-ல்தான் முதன்முறையாக நகரத்தைக் காப்பாற்றியது.

அப்போ பிரச்னை தீர்ந்ததா? முழுசாக இல்லை. வழக்கமாக, கடல்மட்டம் 110 செ.மீ.-ஐத் தொடும் என்று கணிக்கும்போதுதான் கதவுகள் எழும். நகரத்திலேயே தாழ்வான இடங்களில் ஒன்றான செயின்ட் மார்க் சதுக்கத்தில் அதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடும். அங்குள்ள தேவாலயத்தைச் சுற்றி 2022-ல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். 2020 டிசம்பர் 8-ல் கணிப்பு தவறியதால் கதவுகளை எழுப்பவே இல்லை, தண்ணீர் 138 செ.மீ. ஏறியது. அடிக்கடி மூடவும் முடியாது. மூடினால் கப்பல்கள் வெளியே காத்திருக்க வேண்டும், உப்பங்கழிக்குள் தண்ணீர் மாறுவதும் நின்றுபோகும். கடல்மட்டம் உயர உயர, கதவுகள் மூடியிருக்கும் நாட்களும் கூடிக்கொண்டே போகும். அந்த நகரத்தின் அடுத்த ஐம்பது வருஷத்துக் கவலை இதுதான். 5 யூரோ கட்டணம் எல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

சுற்றுலா போகிறவருக்கு இது பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மேடைப் பலகைகளைப் போட்டு வழி விடுவார்கள். ஓத முன்னறிவிப்பை மாநகராட்சியே வெளியிடுகிறது, தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தைப் பக்கத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: 2023 பிப்ரவரியில் சின்னக் கால்வாய்கள் வற்றி, கொண்டோலாக்கள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன.

எப்போது போகலாம்?

புத்தாண்டு வாரமும், பிப்ரவரியை ஒட்டி வரும் கார்னிவல் நாட்களும் 'குளிர்காலம்' கணக்கிலேயே வராது. கூட்டமும் ஹோட்டல் வாடகையும் எகிறிவிடும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, கார்னிவலுக்கு முன் என்பதுதான் என் தேர்வு. நவம்பரில் முடிந்தால் 21-ம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1630-31 கொள்ளைநோய் முடிந்ததற்கான நேர்த்திக்கடனாக, பெரிய கால்வாயின் மேல் தற்காலிகப் பாலம் போட்டு, உள்ளூர் மக்கள் சலூத்தே தேவாலயத்துக்கு நடந்து போகும் நாள் அது.

மெஸ்த்ரேவில் ரூம் போட்டு பகலில் வந்து போவது செலவு குறைவுதான். ஆனால் முடிந்தால் தீவிலேயே இரண்டு இரவு தங்குங்கள், முறையாக உரிமம் பெற்ற இடத்தில். டிசம்பரில் மாலை 4.30-க்கே இருட்டிவிடும், பகல் பயணிகள் கிளம்பிய பிறகு, பனிமூட்டத்தில் சந்துகளில் நடப்பதுதான் குளிர்கால வெனிஸ். வந்திறங்கும் விமான நிலையத்தின் பெயர் மார்க்கோ போலோ. நம்ம காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்த அதே வெனிஸ்காரர்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. ஜனவரிப் பயணம் என்றால் அப்பாயின்ட்மென்ட்டை தீபாவளிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.